தோளுக்குத் தோதான துப்பாக்கி

ஆகஸ்ட் 10, 2025, ஞாயிறு

பஞ்சநதத்துக்கு மான் வேண்டுமாம். துப்பாக்கியின் பக்கத்தில் வெள்ளித் தகடு, அதில் செதுக்கிய மான். திருச்சிக் கடையில் பார்த்துவிட்டு வந்து எங்கள் துப்பாக்கி கிளப்பில் எல்லோருக்கும் போனில் படம் காட்டினார். "எப்படி பாய்? கொம்பெல்லாம் தத்ரூபமா இருக்கில்ல?"

கொம்பு இருக்கிறது. மூளை எங்கே? அது ரெட்டைக்குழல், ரெண்டே ரெண்டு தோட்டா. செகரட்டரி மதிவாணன் அறிவித்திருப்பது புதியவர்களுக்கான மூன்று துப்பாக்கிப் போட்டி. ரைபிள், பிஸ்டல், ஷாட்கன் மூன்றையும் ஒரே ஆள், ஒரே ஓட்டத்தில், கடிகாரத்தை வைத்துக்கொண்டு சுட வேண்டும். ஷாட்கனுக்கு மட்டும் பன்னிரண்டு குறி: ஆறு இரும்புத் தகடு, ஆறு பறக்கும் மண் தட்டு. இந்த மனுஷன் ரெண்டு தோட்டாவுக்கு ஒருதரம் மடக்கி நிமிர்த்திக்கொண்டிருந்தால் தகடு துருப்பிடித்துத் தானாக விழுந்தால்தான் உண்டு.

சொன்னேன். "பம்ப் துப்பாக்கி பாருங்க சார், இழுத்துத் தள்ளிச் சுடுறது. ஆறு தோட்டா உள்ள போகும். மான் ஓடாது, நீங்கதான் ஓடணும்." எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், பூதலூர் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு எல்லாவற்றுக்கும் சிரிக்க வசதி இருக்கிறது.

"பாய் குவைத்துல பத்தொம்பது வருஷம் துப்பாக்கியும் கையுமா இருந்தவரு. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் மதிவாணன். அக்டோபர் 12 போட்டி. நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன்?

ஆகஸ்ட் 11

இந்த நோட்டிலாவது உண்மையை எழுதுவோம். பத்தொன்பது வருஷக் குவைத் சபரில் நான் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை.

அங்கே ஒரு துப்பாக்கி கிளப்பில் வேலை. தட்டு எறியும் மெஷினில் தட்டு அடுக்குவது, விருந்தாளிகளின் துப்பாக்கியைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டு மாட்டுவது, சாயங்காலம் பலகையில் யார் யார் எத்தனை அடித்தார்கள் என்று எழுதுவது. என் கையெழுத்து நன்றாக இருக்கும். எந்தத் துப்பாக்கி யார் தோளுக்குப் பொருந்தும் என்று தூரத்தில் வரும்போதே சொல்லிவிடுவேன். சுடுவது மட்டும் எங்களுக்குக் கிடையாது.

வீட்டுக் கூடத்தில் நான் துப்பாக்கியோடு நிற்கிற போட்டோ மாட்டியிருக்கிறதே, ஒரு ஷேக் தொழப்போனபோது கையில் கொடுத்துவிட்டுப் போன துப்பாக்கி அது. கூட வேலை பார்த்தவன் படம் எடுத்தான். வீட்டுக்கு அனுப்பினேன். என் மனைவி ஜன்னத் பிரேம் போட்டு மாட்டி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "இவங்க அங்க ஷேக்குகளோட சுடுறாங்க" என்று சொல்லிவிட்டாள். நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

இப்போது ஐம்பத்திரண்டு வயதில் லைசென்ஸ் வாங்கியாகிவிட்டது. விசாரணைக்கு வந்த ஏட்டு "பாய்க்கு எதுக்கு துப்பாக்கி?" என்று ரெண்டு தரம் கேட்டார். விளையாட்டுக்கு என்றேன். "இந்த வயசுலயா?" என்றார். அந்த ஆளுக்குத் தொப்பையைத் தாண்டித் தன் பூட்ஸ் தெரியாது, என் வயசைப் பேசுகிறார்.

ஆகஸ்ட் 17

பூதலூரில் ஒரு வீட்டில் பழைய துப்பாக்கி விலைக்கு இருக்கிறது என்று பஞ்சநதம் காரில் கூட்டிப்போனார். வீட்டுக்காரர் ஆரம்பித்தார்: பரம்பரைத் துப்பாக்கி, எங்க பாட்டனார் பேர் பொறிச்சது, சுவரில் மாட்டினாலே வீட்டுக்கு ஒரு களை — அடேயப்பா, என்ன ஜம்பம்! சுவரில் மாட்டுவதற்கு நான் எதற்குத் துப்பாக்கி வாங்க வேண்டும், அதற்குத்தான் ஏற்கெனவே ஒரு போட்டோ தொங்குகிறதே.

தோளில் பதிகிற கட்டை ரொம்ப நீளம். தோளில் வைத்தால் என் கழுத்து கொக்கு மாதிரி நீளுகிறது. பாட்டனார் ஆறடி போலிருக்கிறது. வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 24

திருச்சிக் கடை. மூன்று பம்ப் துப்பாக்கி எடுத்து வைத்தான்.

முதலாவது கனம், அரை நாள் தூக்கினால் கை விட்டுப்போகும். ரெண்டாவதில் தோட்டா போடும் வாய் குறுகல், அவசரத்தில் விரல் மாட்டும். கடைக்காரனுக்குப் பொறுமை போய்விட்டது. "சார், நீங்க துப்பாக்கி வாங்க வந்தீங்களா, குத்தம் கண்டுபிடிக்க வந்தீங்களா?"

மூன்றாவது பொருந்தியது. எடுத்து வைத்த கையோடு தெரிந்துவிட்டது. கனமும் சரி, கட்டை நீளமும் சரி. "மரத்துல ரேகை சரியில்லையே" என்றேன்.

பச்சைப் பொய். மரத்தில் ரேகை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? மான் கேட்ட பஞ்சநதத்துக்கும் எனக்கும் என்னதான் வித்தியாசம்? அவராவது வாங்கிச் சுடுவார். நான் வாங்கிவிட்டால் சுட வேண்டுமே.

செப்டம்பர் 7

கிளப்புக்குச் சொந்தமாக ஒரு பம்ப் இருக்கிறது. கட்டை விரிசல் விட்டு, அதைச் சைக்கிள் டியூபால் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறார்கள், கருமம். "சும்மா இதுல நாலு ரவுண்டு சுட்டுக் காட்டுங்க பாய்" என்கிறார்கள். "சொந்தத் துப்பாக்கி வரட்டும்" என்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் இதே பதில்.

ரைபிளும் பிஸ்டலும் பழகுகிறேன். அதில் நான் புதியவன் என்று எல்லோருக்கும் தெரியும், குறி தப்பினால் மானம் போகாது.

செப்டம்பர் 14

பஞ்சநதம் மானை விட்டுவிட்டு என் பேச்சைக் கேட்டுப் பம்ப் வாங்கிவிட்டார். கூடவே இருபது பாக்கெட் வைத்த ஒரு கோட்டு, ஒரு தொப்பி, மஞ்சள் கண்ணாடி. வயலில் மருந்தடிக்கிற ஆள் கல்யாண மாப்பிள்ளையாக வந்து நின்ற மாதிரி இருந்தார். முதல் ரவுண்டில் பன்னிரண்டுக்கு ஒன்று. "ஒண்ணு விழுந்துடுச்சு பாய்!" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வெட்கமே கிடையாது இந்த ஆளுக்கு.

கால் எப்படி வைப்பது, கன்னத்தைக் கட்டையில் எப்படிப் பதிப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். கடைசி ரவுண்டில் ஐந்து.

"என்னோடதுல நீங்க ஒண்ணு சுடுங்க பாய்." தோள்பட்டை வலி என்றேன்.

செப்டம்பர் 21

ஜன்னத் போட்டி பார்க்க வருகிறாளாம். புதுச் சேலை எடுத்தாகிவிட்டது. "இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டே இருந்தேன், ஒரு நாளாவது கண்ணால பாக்கணும்ல?"

வேண்டாம், வெயில் என்றேன். "குவைத்து வெயில விடவா?" என்கிறாள்.

செப்டம்பர் 28

காய்ச்சல் வந்தால் தேவலை.

அக்டோபர் 2

நேற்று ஆயுத பூஜை. பஞ்சநதம் படம் அனுப்பியிருக்கிறார். டிராக்டர், பம்பு செட், அறுப்பு மெஷின், நடுவில் வாழையிலை மேல் துப்பாக்கி. குழல் நெடுக சந்தனம், குங்குமம், கதம்ப மாலை. தோட்டா போடும் வாயில்கூட ஒரு பொட்டு. மேலே மஞ்சள் அரிசி, அட்சதையை வாரிக் கொட்டியிருக்கிறார்கள். துப்பாக்கியை மல்லாத்தி வைத்திருக்கிறார்கள், அரிசி எங்கே போகும்? நேரே உள்ளேதான்.

பூஜை போடட்டும், அது அவர்கள் வழக்கம். கழற்றித் துடைக்கத் தெரியுமா? தெரியாது. தெரியாது என்று எனக்குத் தெரியும்.

"அருமை சார்" என்று பதில் போட்டேன். அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. அவர் சிக்கிக்கொண்டால் அன்றைக்கு எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள், என்னைக் கவனிக்க மாட்டார்கள். சீ. என்ன புத்தி இது?

அக்டோபர் 5

மழை. பயிற்சி இல்லை. பஞ்சநதத்துக்குப் போன் போட எடுத்தேன், வைத்துவிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

வழியெல்லாம் ரோட்டில் குறுவை நெல் காய்கிறது, காரை ஒதுக்கி ஒதுக்கிப் போய்ச் சேர்ந்தோம். ஜன்னத் பின்சீட்டில் முறுக்கு டப்பாவோடு.

பஞ்சநதம் மூன்றாவது ஆள். ரைபிள் சுமார், பிஸ்டல் மோசம், ஷாட்கன் எடுத்தார். ரெண்டு தகடு விழுந்தது. மூன்றாவது தோட்டா வரவில்லை. இழுத்தார், தள்ளினார், துப்பாக்கி அசையவே இல்லை. மதிவாணன் விசில் ஊதி நிறுத்தினார். பந்தலில் ஒரே சிரிப்பு. "சார், பூஜைல ஏதாச்சும் குறை வச்சீங்களா?" என்று ஒருத்தர் கத்தினார். நான் காத்திருந்த சிரிப்பு.

ஓடினேன். குழலைக் குறித் தகடுகள் பக்கமே வைத்துக்கொண்டு, தோட்டாக்களை எடுத்து, துண்டை விரித்துக் கழற்றினேன். கை தானாகவே வேலை செய்தது. காய்ந்த சந்தனம் செதில் செதிலாக. பிறகு மஞ்சள் அரிசி, ஒன்று, ரெண்டு... ஒன்பது. துடைத்து மாட்டிக் கொடுக்கப் பத்து நிமிஷம் ஆகவில்லை. கூட்டம் கைதட்டியது.

பஞ்சநதத்துக்கு முகமெல்லாம் வேர்வை. ஆனால் சத்தமாகவே சொன்னார். "என் முட்டாள்தனம்தாங்க. பூஜைக்கு அப்புறம் உள்ள பாக்கணும்னு தோணல. பாய் மாதிரி ஷேக்குகளோட சுட்ட கைக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

இத்தனை பேர் முன்னால் ஒரு மனுஷன் தன்னை முட்டாள் என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிக்கொள்கிறான்! என்னால் அடக்க முடியவில்லை.

"இல்ல சார். நான் அங்க சுடல. துடைச்சேன். பத்தொம்பது வருஷமும் துடைக்கிற வேலைதான். ஒரு தோட்டாகூடச் சுட்டதில்ல. உங்க படத்துல அரிசியப் பாத்தேன். சிக்கும்னு தெரியும். தெரிஞ்சேதான் சொல்லல."

ஜன்னத் முறுக்கு டப்பாவை மூடினாள், அந்தச் சத்தம்கூடக் கேட்டது.

பஞ்சநதம் தொப்பியைக் கழற்றினார். "அட போங்க பாய், ஒரு போன் போட்டிருக்கலாம்ல" என்றார். கோபம்தான், இல்லாமல் இருக்குமா? அப்புறம் மதிவாணன் பக்கம் திரும்பி, "அடுத்த பேரு பாயோடதுதானே? கூப்பிடுங்க" என்றார்.

ரைபிளையும் பிஸ்டலையும் எப்படியோ முடித்து, கிளப்பின் சைக்கிள் டியூப் துப்பாக்கியை எடுத்தேன். முதல் தோட்டாவுக்குக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன், தகடு நின்ற இடத்திலேயே நின்றது. எத்தனை பேரை இதற்காக மனசுக்குள் கிண்டல் செய்திருக்கிறேன்! நாலாவது தோட்டாவில் டங்கென்று ஒரு தகடு சாய்ந்தது. அந்தச் சத்தத்தைப் பல்லாயிரம் தரம் கேட்டிருக்கிறேன். என்னுடையதாக ஒன்றுகூட இல்லை, இன்றுவரை. இன்னொரு தகடு. கடைசியில் ஒரு பறக்கும் தட்டு, அது எப்படி உடைந்தது என்று எனக்கே தெரியாது.

மொத்தத்தில் கடைசி இடம். பலகையில் எழுத மதிவாணன் மார்க்கரை என்னிடமே நீட்டினார். எல்லோர் பெயரையும் எழுதினேன். அடியில் என் பெயரை எழுதக் கொஞ்ச நேரம் பிடித்தது. மீரா உசேன், ஷாட்கன் 3.

அக்டோபர் 13

மத்தியானம் சோறு வைக்கும்போது ஜன்னத் மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டாள். "என்னைய ஊரெல்லாம் பொய் சொல்ல வச்சிட்டீங்களே. தொடைக்கிற வேலைன்னா நான் என்ன வேணாம்னா சொல்லியிருப்பேன்? அந்தச் சம்பளத்துலதானே இந்த வீடு?"

சாப்பிட்ட தட்டை நானே கழுவி வைத்தேன்.

சாயங்காலம் போட்டோவைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள்.

அக்டோபர் 26

திருச்சிக் கடை. "இன்னிக்கு எதுல குத்தம் சார்?" என்றான். மூன்றாவதைக் கேட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்து, பிறகு கண்ணைத் திறந்தேன். பார்வை நேராகக் குழல் மேல் போனது. நூறு பேருக்காவது இப்படிப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன், எனக்குப் பார்த்துக்கொண்டது இதுதான் முதல்தடவை. மரத்தில் ரேகை இன்னமும் சுமார்தான். வாங்கிவிட்டேன், லைசென்சில் துப்பாக்கி நம்பரும் ஏற்றியாகிவிட்டது.

பஞ்சநதத்துக்குப் போன் போட்டேன். அடுத்த ஞாயிறு பூஜை போட்டுத் தருகிறேன், அரிசி இல்லாமல் என்கிறார். லொள்ளு.

நவம்பர் 9, ஞாயிறு

கிளப்பிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளே பேச்சுக் குரல். அதிராம்பட்டினத்திலிருந்து ஷமீரா வந்திருக்கிறாள், ஜன்னத்தின் சின்னம்மா மகள்.

"என்ன ராத்தா, மச்சான் படத்தைக் காணோம்? ஷேக்குகளோட சுட்டாங்களே, அது?"

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"அது அவங்க சுட்டதில்லடி, சும்மா புடிச்சிக்கிட்டு நின்னது" என்றாள் ஜன்னத். "சுடுறது இப்பதான், போன மாசம்தான் ஆரம்பிச்சாங்க. பன்னெண்டுக்கு மூணு அடிச்சாங்க. நானே பக்கத்துல நின்னு பாத்தேன்."