ஆடை படிந்த பால்

தேக்கா, சிங்கப்பூர்
வியாழன்

அன்பு மகள் ஜெனிவீவுக்கு,

அம்மாவுக்குச் செலியாக் நோய் என்பது உறுதியாகிவிட்டது. போன மாதம் குடலிலிருந்து எடுத்த திசுவின் முடிவைச் சிறப்பு மருத்துவர் இன்று காலை எங்கள் இருவரிடமும் சொன்னார். இனி ஆயுளுக்கும் கோதுமை கூடாது. இதைப் போனிலேயே சொல்லலாம். மீதியை அவள் காதுபடச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வயிறு உப்புகிறது என்று அவளாகவே கோதுமையை விட்டிருந்தாள் அல்லவா? சாப்பிடாமலே இருந்தால் சோதனையில் நோய் தெரியாமல் போகலாம், ஆறு வாரம் தினமும் ரொட்டி சாப்பிடட்டும் என்றார் மருத்துவர். சாப்பிட்டாள். முதலில் வயிற்றுப்போக்கு, பிறகு கைநடுக்கம். அப்புறம் ஒரு மாலை, நீ பெர்த் போனதிலிருந்து காலியாகக் கிடக்கும் உன் அறைக்குப் பால் கொண்டுபோனாள். யாருக்கு என்றேன். "மெதுவா பேசுங்க. பாப்பா படுத்திருக்கா. நாளைக்கு ஸ்கூல் லா" என்றாள்.

நீ கடைசியாகப் பேசியபோது, "என் பொண்ணு உள்ள தூங்குறா, நீங்க யாருங்க?" என்று அவள் கேட்டது கோபத்தில் இல்லை. அன்று அவளுக்கு நீ அந்த அறையில்தான் இருந்தாய். அதன் பிறகு நீ அழைக்கவில்லை. உன்மேல் குறை சொல்லவில்லை.

கிளாஸை எடுக்க நான் போகும்போதெல்லாம் அது காலியாக இருந்தது. அவளே குடித்திருப்பாள். குடித்ததை நான் பார்க்கவில்லை. தலையணை நடுவில் குழிந்திருந்தது. அதையும் அவள்தான் அழுத்தியிருக்க வேண்டும்.

சோதனை முடிந்ததும் ரொட்டி, மாவு, கோதுமை சேர்த்த சோயா சாஸ் வரை வெளியே போட்டேன். வயிறு கொஞ்சம் தேறியது. பால் கொண்டுபோவது மட்டும் நிற்கவில்லை. கோதுமை கலந்த வேறு எதையாவது சாப்பிடுகிறாளா என்று மருத்துவமனையில் துருவித் துருவிக் கேட்டார்கள். எதுவுமே இல்லை என்று இருவரும் அடித்துச் சொன்னோம்.

வீட்டுக்கு வந்த பாதர் சேவியர்தான் சிரித்தார்: "ஆம்ப்ரோஸ், எல்லாத்தையும் தூக்கிப் போட்டீங்க, கோயில்ல குடுக்கிற அப்பத்தை விட்டுட்டீங்களே! அது என்ன அரிசி மாவா?"

தினமும் காலைத் திருப்பலியில் நற்கருணை வாங்குகிறவள் அவள். அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. இப்போது அப்பம் இல்லாமல் கிண்ணத்துத் திராட்சை இரசம் மட்டும் வாங்குகிறாள். மனக்குழப்பம் கோதுமையால் வந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் மருத்துவர்.

போன ஞாயிறும் பழக்கத்தில் பால் வைத்தாள். மறுநாள் காலை அது ஆடை படிந்து அப்படியே இருந்தது. கிளாஸைப் பிடித்தபடி நின்றவள், "ஏங்க, ஜெனி பெர்த்லதானே இருக்கா? அப்ப இத்தனை நாள் நான் யாருக்கு..." என்று பாதியில் நிறுத்தினாள். நான் தலையணையைப் பார்த்தேன். குழி இல்லை. அன்றிலிருந்து அவள் அந்த அறைக்குள் போவதில்லை.

இரத்தத்தில் நோயின் தடயம் குறைகிறதா என்பது அடுத்த மாதக் கடைசியில் தெரியும். உன் குரல் அவளுக்கு அடையாளம் தெரிகிறதா என்பது, இந்த ஞாயிறு நாங்கள் கோயிலிலிருந்து வந்ததும் நீ அழைத்தால் தெரியும். பெயர் சொல்லாதே. அம்மா என்று மட்டும் கூப்பிடு.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். லீவு கிடைத்ததும் வா, மகளே. அந்தக் கட்டிலில் நீதான் வந்து படுக்க வேண்டும்.

உன் அப்பா,
ஆம்ப்ரோஸ்