ஊ செய்க்கின் புதிய குரல்

ஜூலை 3, வியாழன்

விடியற்காலையிலிருந்து மழை. ஸ்டூடியோ முற்றம் முழுக்கத் தண்ணீர். ஆடு மல்லியைத் துடைத்து உலர்த்துவதிலேயே பாதிக் காலை போயிற்று.

பர்மா டி.வி. தொடரில் அவள் ஆண். பெயர் ‘ஊ செய்க்’, அதாவது ஆட்டு ஐயா. டை கட்டிக்கொண்டு குடும்பத்துக்கு யோசனை சொல்லும் ஆடு. சின்ன வயதில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்த தொடர். மறுபடி எடுக்கிறார்கள். நான் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து, அவள் உதட்டுக்குள் பனைவெல்லத் துண்டு வைப்பேன். மெல்லுவாள். பேசுகிற மாதிரி இருக்கும். குரலைப் பிறகு சேர்ப்பார்கள்.

பழைய குரல்காரர் தாய்லாந்துக்குப் போய்விட்டார். இனி என் தோழி மா சூ! என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். இத்தனை வருஷம் கூட்டக் குரல்களில் ஒரு வரி பேசிக்கொண்டிருந்தவள்.

“பழைய குரல் மாதிரி செய்யக் கூடாது மீனா. வாயைத் திறந்ததுமே இது வேற ஆளுன்னு தெரியணும்.”

ஜூலை 6, ஞாயிறு

இந்த ஞாயிறும் மா சூ எங்கள் வீட்டுக்கு வந்தாள். தோசை, பருப்புத் துவையல். அப்பாவுக்கு ஏக சந்தோஷம். அம்மா போனபின் அவர் பேச்சை இவ்வளவு நேரம் யாரும் கேட்டதில்லை. நான் உட்பட.

அப்பா பேசும் பர்மீஸ், ரயில்வே பட்டறையில் கற்றது. சொல் பர்மீஸ், ராகம் முழுக்கத் தமிழ். இன்று அந்த பர்மீஸில் மா சூவிடம் அம்மாவைக் கொண்டுபோன நாளைச் சொன்னார். சவ வண்டி டிரைவரிடம் அவர் கேட்டுக்கொண்டாராம்: “மெதுவா ஓட்டுப்பா. அவளுக்கு வண்டி ஒத்துக்காது, வாந்தி எடுத்துருவா.”

எனக்கே தெரியாது இது. மா சூ அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவள் போன பிறகு அப்பா: “தங்கமான பொண்ணு.”

வாங்க: சோப்பு, கொசுவத்தி, மல்லியின் குளம்புப் புண்ணுக்கு மருந்து.

ஜூலை 10, வியாழன்

கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் இரைச்சலில் தலைவலி.

மாலையில் சிரிப்புப் பதிவு. மைக் முன்னால் எல்லோரும் நிற்க வேண்டும். டைரக்டர் கை தூக்கினால் சிரிப்பு. படம் காட்டவில்லை. “எதுக்குச் சிரிக்கிறோம் ஸயா?” என்று டைரக்டரைக் கேட்டேன். “சிரிங்க, அவ்வளவுதான்.” என் சிரிப்பு நன்றாக எடுபடுகிறதாம். தனியாக இன்னொரு தடவை சிரிக்கச் சொன்னார்.

மா சூ என் பக்கமே திரும்பவில்லை. அவளுக்கும் தலைவலி போல.

ஜூலை 12, சனி

முதல் பகுதி. நல்லவேளை, கரண்ட் இருந்தது. பக்கத்து வீட்டார் எல்லோரும் எங்கள் டி.வி. முன்னால்.

ஊ செய்க் வாயைத் திறந்தது. அப்பாவின் பேச்சு. அதே கனத்த ‘த’, நடுவில் அதே செருமல், கடைசியில் ஒரு “கேட்டியா”. அப்பா முன்னால் சாய்ந்தார்.

பெட்டை ஆட்டைச் சந்தைக்கு வண்டியில் ஏற்றுகிறார்கள். ஊ செய்க் வண்டிக்காரனிடம் சொல்கிறது: “மெதுவா ஓட்டுப்பா. அவளுக்கு வண்டி ஒத்துக்காது.”

சிரிப்பு. எல்லாவற்றுக்கும் மேலே அன்று பதிவு செய்த என் சிரிப்பு.

“ஐயா, இது நீங்கதானே!” பக்கத்து வீட்டுக்காரருக்குக் கண்ணில் நீர் வருகிற அளவு சிரிப்பு. அப்பா டீ கிளாஸை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார். வெகுநேரம் கழுவினார்.

ஜூலை 14, திங்கள்

கேட்டேன்.

“அவர் பேரை எங்கேயும் சொல்லலையே மீனா,” என்றாள் மா சூ.

“அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதியே.”

“அழுதது நிஜம்தான்.”

“அப்புறம்?”

“எனக்கு இந்த மாதிரி ஒண்ணு மறுபடி வராது.”

முன்பே சொல்லியிருந்தால்? அதைக் கேட்கவில்லை. நான் விட்டிருக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

மறு ஒளிபரப்பிலாவது அந்த இடத்தை வெட்டுங்கள் என்று டைரக்டரிடம் கெஞ்சினேன். ஜனங்களுக்குப் பிடித்ததே அந்த இடம்தானாம். வெல்லப் பொட்டலத்தை மா சூ கையில் கொடுத்தேன். “நீயே வை.” மல்லி கத்தினாள். திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினேன்.

ஜூலை 16, புதன்

அப்பா டீக்கடைக்குப் போகவில்லை. அங்கே இப்போது அவரைக் கண்டாலே “மெதுவா ஓட்டு!”

சந்தையில் தக்காளியைக் கையால் காட்டினார். பஸ்ஸில் காசை மட்டும் நீட்டினார். வீட்டில் என்னிடம் வழக்கம்போலத் தமிழ். வெளியே ஒரு சொல் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

வெயில். மா சூ வந்தாள், ஒரு கூடை ரம்புட்டானோடு. “ஊலே, என்மேல கோபமா?” என்றாள் பர்மீஸில். ஊலே என்றால் மாமா. எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அப்பா மரியாதையாக நாற்காலி போட்டார். என்னிடம் தமிழில்:

“இந்தப் பிள்ளை என்ன கேக்குதுன்னு சொல்லு மீனா. எனக்கு பர்மாப் பேச்சு தெரியாது.”

மா சூ அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தாள். அப்பா எனக்காகக் காத்திருந்தார்.

“மன்னிப்புக் கேக்க வந்திருக்கா அப்பா.”

“சாப்பிட்டுப் போகச் சொல்லு.”

அதை பர்மீஸில் சொன்னேன். அதற்குள் அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.