ஆடியில் ஊர் பார்க்கப் போனது

ஆடி 6, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். முந்தாநாள் துவைத்த துணி இன்னும் ஈரம். மிக்ஸியில் மறுபடியும் புகை. செவலை மாட்டுக்கு மடி வீக்கம் பரவாயில்லை, ஆனால் சொசைட்டிக்கு ஊற்றப் பால் கொஞ்சம்தான்.

அயல்கூட்டத்து (மகளிர் குழு) பெண்கள் எல்லாரும் சேர்ந்து காந்தலூர் போகிறோம். போகிறார்கள் என்று எழுத வேண்டுமோ. ஞாயிறு விடியற்காலை வேன், அன்றைக்கே திரும்பிவிடலாம். ஆப்பிள் காய்க்கிற சமயமாம். கூட்டத்துத் தலைவி பாத்திமா அக்கா (ஜவுளிக்கடை) வீட்டுக்கே வந்து கேட்டாள். யோசிக்காமல் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் படி இறங்கின பிறகுதான் வீட்டு ஞாபகம்.

சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன்.

"காந்தலூருக்கா? அங்க என்ன வேலை?"

"வேலை ஒண்ணுமில்லீங்க. பாக்கப் போறோம்."

"என்னத்தைப் பாக்க?"

"மலை. ஆப்பிள் மரம்."

"மரம் பாக்கறதுக்கு மலைக்குப் போகோணுமாக்கும். நம்ம தோட்டத்துல நிக்கறது மரமில்லாம என்ன?"

உள்ளேயிருந்து அத்தை, அவருடைய அம்மா: "அங்க கோயில் ஏதாச்சும் இருக்குதா?"

தெரியலைங்க என்றேன். "அப்பறம் எதுக்கு?" என்றார். பேச்சு அவ்வளவுதான். ரசம் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினேன்.

ஆடி 7, புதன்

மனசு ஆறவில்லை. எழுதித்தான் தீர்க்க வேண்டும். இந்த வீட்டில் யார் யார் எதற்கு ஊர் போனார்கள்:

அவர்: பாடசேகர சமிதியோடு (நெல் விவசாயிகள் சங்கம்) ஊட்டி. "படிப்புச் சுற்றுலா". நெல் போடுகிறவர்களுக்கு ஊட்டியில் என்ன படிப்பு? திரும்பி வந்தபோது தலையில் கம்பளித் தொப்பி, வாயில் ஏலக்காய். ஏலக்காய் எதை மறைக்க என்று எனக்குத் தெரியாதா.

பிரவீன், என் மகன், கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை: லீவு கிடைத்தால் பைக்கில் வாகமண். எதுக்குடா என்றால் "சில் பண்ணத்தாம்மா". அதற்குமேல் ஒருத்தரும் கேட்பதில்லை. சில் பண்ணுவது பெரிய காரணமாம்.

அத்தை: சாமி பேரைச் சொன்னால் போதும், வாசலில் கார் நிற்கும்.

நான்: பழனி, பிரவீன் மொட்டைக்கு. பெரியம்மா சாவுக்கு உடுமலை. அத்தை கண் ஆபரேஷனுக்குக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரி. அங்கே ஜன்னல் வழியே தூரத்தில் ஒரு மலை தெரிந்தது. டாக்டர் கூப்பிட்டார், போய்விட்டேன்.

மலம்புழா? போனேன். விருந்தாளிகளுக்குக் காட்டக் கூட்டிப்போனோம். எல்லார் பைக்கும் செருப்புக்கும் காவல் உட்கார்ந்திருந்தேன். பாலக்காட்டுக் கோட்டையை எத்தனை தரம் பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பேன். இறங்கினதில்லை. இறங்க ஒரு வேலையும் இல்லை.

ஆம்பளை போனால் படிப்பு, பையன் போனால் சில், கிழவி போனால் பக்தி. நான் போனால் மட்டும் "எதுக்கு?"

 மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுத்தனுப்பியாச்சு.

ஆடி 9, வெள்ளி

உத்தரவு கிடைத்துவிட்டது! கிடைத்த விதத்தை எழுதினால் கோபம் இன்னும் ஏறும். ஆனாலும் எழுதுகிறேன்.

அத்தையின் தம்பி மகன் கார்த்தி. நிலம் இருக்கிறது, கிணறு இருக்கிறது, டிராக்டர் இருக்கிறது. பெண்தான் கிடைக்கவில்லை. விவசாயம் செய்கிறவன் என்றால் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். இப்போது ஒரு ஜாதகம் பொருந்தியிருக்கிறது. பெண் எந்த ஊர்? காந்தலூர்.

ஆடியில் பெண் பார்க்கப் போகக்கூடாது. ஆவணி வரை விட்டால் வேறு யாராவது தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அத்தை நேற்று முழுக்க இதையே யோசித்திருக்கிறார்.

"ஏனம்மிணி, அந்த டூருக்கு நீ போயிட்டு வா. டூருக்கு வந்த மாதிரியே அவிய தோட்டத்துக்குப் போயி, புள்ளைய ஒரு பார்வை பாத்துட்டு வந்துரு. நாம பொண்ணு பாத்த மாதிரியும் இருக்காது, பாக்காத மாதிரியும் இருக்காது."

டூருக்கு வந்த மாதிரி! நான் டூருக்குத்தானே கேட்டேன்! சும்மா போகக் கேட்டால் கூடாது, சும்மா போகிற மாதிரி வேஷம் போட்டால் போகலாம்.

அவர் வாயே மாறிவிட்டது. "போறது போறே, மலைப்பூண்டு விதைக்குக் கொஞ்சம் வாங்கிக்க." பக்கத்து வீட்டுக்கு மறையூர்ச் சர்க்கரை (வெல்லம்தான்). பிரவீனுக்கு என்னமோ ஜாம். பெண்ணின் போட்டோவை என் போனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பேர் கோகிலா. அவர்கள் ஆப்பிள் தோட்டத்தில் அவள்தான் டிக்கெட் கிழித்துக் கொடுப்பதாம், ஜூஸ் விற்பதாம்.

போகமாட்டேன் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். சொல்லவில்லை. மலை பார்க்க வேண்டும்.

ஆடி 11, ஞாயிறு

வேன் இன்னும் வரவில்லை. இட்லி பொட்டலம், வெற்றிலை, மாற்றுப் புடவை, வாந்தி வந்தால் எலுமிச்சம்பழம். அத்தை விருட்டென்று எழுந்து வந்து நடை, நிறம், பல் மூன்றையும் பார்க்கச் சொல்லிவிட்டுப் படுத்தார். மாடு வாங்கக்கூட இவ்வளவு சொல்லி அனுப்பவில்லை. ஹாரன் கேட்கிறது.

ஆடி 12, திங்கள்

உடம்பெல்லாம் வலி. நேற்றையதை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

கேரளத்திலிருந்து கிளம்பி, பொள்ளாச்சி உடுமலை என்று தமிழ்நாட்டைச் சுற்றி, மறுபடி கேரளத்துக்குள். சின்னார் செக்போஸ்டில் வண்டியை நிறுத்தினார்கள். காட்டிலாகாக்காரர் எட்டிப் பார்த்து "எவிடேக்கா?" என்றார். பாத்திமா அக்கா "காந்தலூர்" என்றாள். "எந்தினா?" எதுக்கு என்கிறார். இங்கேயுமா என்று நினைத்தேன். அக்கா "காணான்" என்றாள். பார்க்க. அந்த ஆள் தலையை ஆட்டிவிட்டுக் கட்டையைத் தூக்கிவிட்டார். செக்போஸ்டில் அவ்வளவுதான் கேட்டார்கள். என் வீட்டில்தான் இத்தனை விசாரணை.

கோகிலா வீட்டுத் தோட்டத்துக்கு வந்தோம். ஆப்பிள் நிஜமாகவே கொத்துக் கொத்தாக. நம்புகிற மாதிரியே இல்லை. எல்லாரும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அருவிக்கு ஜீப் ஏறினார்கள். நான் ஏறவில்லை. அத்தையின் உத்தரவு, தோட்டத்தில் இருந்து நிதானமாகப் பார்க்க வேண்டும். ஜீப்பிலிருந்து அத்தனை பேரும் ஓ என்று கத்திக்கொண்டு போனார்கள். 

மரத்தடியில் நின்று வந்து போகிறவர்களைப் பார்த்தேன். எறணாகுளத்து ஜோடி, வேர்வை இல்லாத இடம் வேண்டுமாம். கோயமுத்தூர்க் காலேஜ் பையன்கள், போன வாரம் இன்னொரு செட் போட்ட போட்டோ மாதிரியே எடுக்க. ஒரு பெரிய குடும்பம், லீவு வீணாகக்கூடாது என்று. ஒருத்தர் மரத்தைப் பார்க்கவே இல்லை, மரத்தடியில் நின்று ஆபீசோடு பேசிக்கொண்டிருந்தார். இவர்களை யாராவது எதுக்கு என்று கேட்டிருப்பார்களா?

அந்தப் பெண்ணையும் பார்த்தேன். வேறென்ன செய்ய. போட்டோவைவிடக் கறுப்பு, அதைவிடக் களை. குடுகுடுவென்று நடை. கொஞ்ச நேரம் கழித்து அவளே ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள்.

"உக்காருங்கக்கா. நின்னுக்கிட்டே பாத்தா கால் வலிக்கும்."

"இல்ல கண்ணு, ஆப்பிள் பாத்துட்டிருந்தேன்."

"தோட்டத்துக்கு வர்றவங்க ஆப்பிளைப் பாப்பாங்க, செல்பி எடுப்பாங்க, போயிருவாங்க. நீங்க வந்ததுலேருந்து நான் நடக்குறதையே பாக்குறீங்க. இந்த ஆடிக்கு நீங்க மூணாவது டூரிஸ்ட்க்கா."

சட்டென்று ஆப்பிள் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"முன்னாடி வந்தவங்க என் ஜடையை இழுத்தே பாத்தாங்க, சவுரியான்னு. நீங்க தேவலை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. யாரோ என்னை ஒரு வேலைக்கு அனுப்பினார்கள், நானும் பை தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மலை பாக்கத்தான் கண்ணு நான் கேட்டேன், மத்ததெல்லாம் எங்க ஊட்டுல ஏத்தி விட்டது என்றேன். ஊட்டி, வாகமண், செருப்புக் காவல் ஒன்று விடவில்லை.

அவள் அவளுடைய அப்பாவைக் கல்லாவில் உட்காரச் சொல்லிவிட்டு, "வாங்க, மேல ஒரு பாறை இருக்கு" என்றாள்.

போகிற வழியெல்லாம் பூண்டுப் பாத்தி. என்னை அறியாமல் குனிந்து களை பிடுங்கிக்கொண்டே போயிருக்கிறேன். கை நிறையப் புல். அவள் திரும்பிப் பார்த்து, "அக்கா, டூர் வந்த இடத்துல களை எடுக்காதீங்க" என்றாள். கீழே போட்டேன்.

பாறையில் உட்கார்ந்தோம். மேகம் விலகினால் கீழே சமவெளி தெரியும் என்றாள். விலகவே இல்லை. வெள்ளையாக வந்தது, போனது, மறுபடி வந்தது. நடுவில் கொஞ்சம் பச்சை. நான் ஒன்றும் செய்யவில்லை. யாருக்கும் எதுவும் எடுத்து வைக்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

"நீ தினமும் இங்க வருவியா?"

"எங்கக்கா. 'ஊரே நம்ம ஊரைப் பாக்க வருது, நீ எங்க போகப்போற'ன்னு சொல்லியே வளத்தாங்க. உடுமலை போயிருக்கேன், ஆஸ்பத்திரிக்கும் துணிக்கடைக்கும். உங்க ஊர்ல என்ன இருக்கு?"

"வயலு, பனமரம், வெயிலு. வேற ஒண்ணுமில்ல."

"எல்லாம் சமமாவா இருக்கும்? மேடே இல்லாம?"

"ஆமா."

"பஸ் ஜன்னல்லதான் அந்த மாதிரி பாத்திருக்கேன். நடுவுல போய் நின்னதில்ல." என் பக்கம் திரும்பி, "அதைப் பாக்கணும்னா கல்யாணம் பண்ணித்தான் வரணுமாக்கா, இல்ல சும்மாவும் வரலாமா?" என்றாள்.

சும்மா வா என்றேன். என் நம்பரை எழுதிக்கொண்டாள்.

பூண்டு, சர்க்கரை, ஜாம் மூன்றும் மறந்தே போனேன். வீட்டுக்குள் கால் வைத்ததும் அத்தை:

"புள்ள எப்புடி?"

"நான் பாக்கலைங்க அத்தை."

"பின்ன போயி என்ன பண்ணுன?"

"மலை பாத்தேனுங்க."

ஆடி 14, புதன்

நேற்றும் இன்றும் வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அத்தையின் தம்பி போன் செய்து கத்தினார். என் வீட்டுக்காரர் சொன்னது: "சொன்னது ஒண்ணையும் செய்யல. இனிமே டூரு கீருன்னு வாயைத் தொறக்காதே." அடுத்த தடவை ஊட்டிப் படிப்புக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க, நானும் படிக்கறேன் என்றேன். எழுந்து போய்விட்டார். பிரவீன் தட்டைப் பார்த்துச் சிரித்தான். உனக்கும்தான்டா சொல்கிறேன் என்றேன்.

அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை. கறுப்பு சிவப்பு எதையும். நான் பார்த்தது மலை. அதைக் கேட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்வேன். ஒருத்தரும் கேட்கவில்லை.

மிக்ஸி வந்தது. அதே புகை.

ஆடி 16, வெள்ளி

மத்தியானம் போன். கோகிலா! கூடப் படித்தவள் ஒருத்தி பொள்ளாச்சியில் இருக்கிறாளாம், அவள் வீட்டுக்கு நாளைக்கு வருகிறாளாம். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணோடு பஸ் ஏறி இங்கே எலப்புள்ளிக்கு வரலாமா என்று கேட்கிறாள். "வயலு பாக்கத்தான்க்கா. வேற ஒண்ணும் இல்லை." வா என்றேன். பாத்திமா அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் "பிரியாணி நான் போடறேன், நீ வீட்டைச் சமாளி" என்றாள்.

ஆடி 17, சனி

மழை விட்டிருக்கிறது. துணி காய்ந்தது.

காலையில் சொன்னேன். அத்தை முதலில், "ஆடியிலயா? பொண்ணு மாப்பிள்ளை ஊடு தேடி வர்றதா? காலம் கெட்டுப் போச்சு" என்றார். அப்புறம் விரல் விட்டு எண்ணினார். "நாளைக்குப் பதினெட்டா? பதினெட்டு நல்ல நாளாச்சே. கார்த்தியை வேட்டி கட்டிக்கிட்டு வரச் சொல்லு."

"கார்த்தி வந்தா அந்தப் புள்ளைய வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பிருவேன். அவ ஊர் பாக்க வர்றா."

இவ்வளவு சத்தமாக இந்த வீட்டில் நான் பேசினதில்லை. அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"ஏன் சாந்தா, இந்த ஊர்ல பாக்கறதுக்கு என்ன இருக்குது?"

  கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த ஊர்தான். புல் அறுத்திருக்கிறேன், நாற்று நட்டிருக்கிறேன், சொசைட்டிக்கு நடந்திருக்கிறேன். அவளுக்கு எதைக் காட்டுவது?

சாயங்காலம் பால் ஊற்றிவிட்டு நேரே வீட்டுக்கு வரவில்லை. வாய்க்கால் மேட்டில் ஏறி நின்றேன். கையில் அரிவாள் இல்லை, கூடை இல்லை. பயிர் நல்ல பச்சை. அதற்கப்புறம் பனை. அதற்கும் அப்புறம் மலை. மலை இங்கிருந்தே தெரிகிறது.

வண்டியில் வந்த பால்காரர் நிறுத்தினார். "ஏனுங்கக்கா, மாடு அவுத்துட்டு ஓடிருச்சுங்களா?"

"இல்லீங்க. ஊர் பாக்கறேன்."

அவரும் சுற்றிலும் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் போனார்.