வெறும் சூடுதான்

அன்புள்ள அம்மாவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, ஆஸ்பத்திரிக் கட்டிலில் தொங்கும் சிறுநீர்ப் பையின் நிறத்தைத்தான் பார்த்தேன். பயப்படாதீர்கள், எனக்கு ஒன்றுமில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

படுத்திருப்பது எங்கள் அடையாறு விடுதியில் தங்கி கபடி ஆடும் ஃபிசா. லீவு முடிந்து வந்த அன்றே கோச் அவளை வெயிலில் விடாமல் உட்கார்ந்து எழ வைத்திருக்கிறார். மறுநாள் தொடை வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. "சூடு மேடம், இளநீ குடுங்க, சரியாப்பூடும்" என்றார் கோச். வார்டனான நானும் நம்பி, நீங்கள் எனக்குச் செய்வது போல அவள் தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தேன். தசை சிதைந்து, ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று டாக்டர் சொன்னபோதும் என் விரலில் அந்தப் பிசுக்கு இருந்தது.

இன்று நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. ஆனால் பயமில்லை என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

"அம்மிகிட்ட சூடுன்னே சொல்லுங்க மேடம். தெரிஞ்சா ஆம்பூருக்கு இழுத்துக்கினு பூடுவாங்க. அப்புறம் ஏது கபடி?" என்று, தன் அம்மாவுக்குத் தெரியக் கூடாதென ஃபிசா கெஞ்சினாள். நானும் தலையாட்டிவிட்டேன்.

உங்கள் பழைய நூல் புடவை ஒன்று அனுப்புங்கள். இங்கே ஏசி குளிர்கிறது. துவைக்காமலே அனுப்புங்கள்.

டாக்டர் வருகிறார், முடிக்கிறேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை: அவர் போனதும் ஃபிசாவின் அம்மாவைப் போனில் கூப்பிட்டு, இது சூடு இல்லை என்று சொல்லப் போகிறேன்.

உங்கள்
தங்கபுஷ்பம்