பாக்கியம் விற்காத பசு

என் அன்பு மச்சான் செல்லமுத்து,

நீ சிரிப்பாய் என்று தெரியும். பாடக்குறிப்பு எழுதிய பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடவில்லை. சொல்ல வேண்டியவற்றை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. நீ போன பிறகு பெய்த மழை.
2. உன் பசுவை விற்கச் சொன்ன என் யோசனையும், அது ஏன் சரி என்பதும்.
3. என் தங்கச்சி, அதாவது உன் வீட்டுக்காரி பாக்கியம், அதைக் கேட்காமல் செய்த காரியம்.
4. நாளைய கூட்டம்.

முதலாவது. நீ கண்ணை மூடிய அடுத்த கார்த்திகையில் ஐந்து நாள் விடாமல் மழை பெய்தது. நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருந்த தேயிலை மலை ஒரு பக்கம் வழுக்கி இறங்கியது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுச் சுவர்களெல்லாம் வெடித்துவிட்டன. உன் மாட்டுக் கொட்டில் மண்ணுக்குள் போய்விட்டது. பசுவை மட்டும் முந்திய நாளே பாக்கியம் அவிழ்த்துக் கோயில் பக்கம் கட்டியிருந்தாள்.

எங்களை என் பழைய பள்ளிக்கூடத்தில்தான் தங்க வைத்தார்கள். நான் படிப்பித்த அதே வகுப்பறை. முதல் நாள் காலையில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க இடாப்புக் கூப்பிடுவதுபோல் பெயர்களை வாசித்தேன். நரைத்த தலைகளெல்லாம் "உள்ளேன் சேர்" என்றன. அவ்வளவு கஷ்டத்திலும் சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று.

இரண்டாவது. பொகவந்தலாவை டவுனுக்குப் போகும் பாதை பல இடத்தில் உடைந்தது. கொழுந்து ஏற்ற லொறி இல்லை, அதனால் வேலையும் இல்லை. பால் எடுக்கும் வண்டியும் வரவில்லை. ஆனால் மாட்டு வியாபாரி ஒருவர் மூன்றாம் நாளே நடந்து வந்து சேர்ந்தார். பக்கத்து லயத்தார் மாடுகளைக் கொடுத்துவிட்டார்கள். நானும் தங்கச்சியிடம் போய் என் காரணங்களைச் சொன்னேன்: கொட்டில் இல்லை, புல் அறுத்த சரிவு இல்லை, பால் வாங்க ஆள் இல்லை. ஆகவே வீடு முதலில், மாடு பிறகு.

"ஏண்ணே, மாட்டப் பத்தி எந்தப் பொஸ்தகத்துல படிச்சீங்க?" என்றாள்.

"இது பொருளாதாரம், பாக்கியம்."

"அது பொருளாதாரமா இருக்கட்டும். இது நாலு மாசச் சினையா இருக்கு."

வியாபாரியே சிரித்துவிட்டார். "குடையப் பிடிச்சுக்கிட்டே குளிக்கிற ஆளுய்யா நீ" என்று நீ சொல்வது ஞாபகம் வந்தது. மச்சான், அப்படியா நான்?

மூன்றாவது. அன்று மத்தியானமே பாக்கியம் மாட்டை ஓட்டிக்கொண்டு கீழ்ச் சிங்களக் கிராமத்துச் சோமபாலவிடம் போனாள். நீ மரக்கறி நாற்று வாங்குவாயே, அவரேதான். அவரிடம் கொட்டிலும் புல்லும் இருந்தன, மாடு இல்லை. காலைப் பால் வளர்ப்பவருக்கு, மாலைப் பால் மாட்டுக்காரிக்கு. தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் நடுவே முன்பே இருந்த வழக்கம்தான். எனக்கு மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

கவலையோடு பின்னால் போன என்னிடம் சோமபால, "மாஸ்டர் மாத்தயா பயப்பட வேணாம். மாடு நம்ம வீட்டு ஆளு மாதிரி. கொஞ்சம் கூட சாப்புடும், அவ்வளவுதான்" என்றார்.

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பாதை இல்லாததால் மேலே பால்மாவும் வரவில்லை. சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், நம் நானா, வெறும் பிளேன்டீ விற்றுக்கொண்டிருந்தார். பாக்கியம் மாலைப் பாலோடு போய் நின்றதும், "வாங்க தங்கச்சி, இன்னைக்கி கடைக்கி உசிர் வந்துருச்சி" என்றாராம். கொஞ்சத்தை முகாம் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள், மற்றதெல்லாம் நானாவுக்கு. பாதை திறக்கும்வரை அவள் அடுப்பு எரிந்தது அந்தப் பாலால்தான்.

விற்றவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் விற்றார்கள், அதனால் அடிமாட்டு விலைதான் கிடைத்தது. பிறகு திரும்ப வாங்கப் போனபோது ஒருவருக்கும் எட்டவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் படிப்பை விட்டுக் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டார்கள். மழை ஐந்து நாள்தான் பெய்தது, மச்சான். அவர்கள் இழந்தது எத்தனை வருஷத்துக்கு?

உன் மகள் தேவி படிப்பை விடவில்லை. பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டுவிட்டாள், அதுவும் பொருளியல் படிக்க. "மாமா, மாடு எந்தப் பாடத்துல வருது?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள். பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. நெற்றியில் வெள்ளை. என்னைக் கண்டால் முட்ட வருகிறது.

நான்காவது. நாளை புதிய வீடுகள் பற்றிய கூட்டம். வரைபடத்தில் வீடு இருக்கிறது, சமையலறை இருக்கிறது, மாட்டுக்கு இடம் இல்லை. சோமபாலவின் மகனும் மாடு வாங்கப்போகிறான். கொட்டில் அவனுக்கு வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் பசுவையும் கன்றையும் பாக்கியம் கொடுத்துவிடத்தான் வேண்டும். தேவியின் படிப்போ இப்போதுதான் தொடங்குகிறது.

இதில் என் பங்கும் இருக்கிறது. முகாமில் கருத்துக் கேட்ட அதிகாரிக்கு, 'வீடு முதலில், மாடு பிறகு' என்று அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். இப்போது கொட்டில் கேட்பவர்களிடம் அந்தக் கடிதத்தைக் காட்டுகிறார்கள்.

நேற்று பாக்கியத்திடம் ஒப்புக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை. "பிள்ளைங்க எழுதுனத எவ்வளவு அழிச்சிருப்பீங்க. நீங்க எழுதுனதையும் ஒருக்கா அழிச்சிட்டு வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டுத் தேநீர் தந்தாள். பால் தாராளமாக இருந்தது.

கூட்டத்தில் பேச எனக்கு வராது, உனக்குத் தெரியும். ஆனாலும் உனக்கு வாக்குத் தருகிறேன்: முன் வரிசையில் உட்காருவேன், முதல் ஆளாக எழுந்து நிற்பேன், தமிழிலும் சிங்களத்திலும் பேசுவேன். வரைபடத்தில் கொட்டிலுக்கு இடம் விடும்வரை உட்காரமாட்டேன்.

என்ன பேசுவது என்று இங்கேயே எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். மேலே இரண்டாவதாக நான் சொன்னது பிழை. பாதை உடைந்தால் பால் வெளியே போகாது என்று மட்டும் நினைத்தேன், உள்ளேயும் ஒன்றும் வராது என்று யோசிக்கவில்லை. பாக்கியம் யோசித்தாள்.

உன் பாக்கியத்தின் அண்ணன்,
உன் மச்சான்
மாணிக்கம்