ஒரு படி கம்பு

அன்புள்ள அத்தைக்கு முப்பிடாதி கும்பிட்டு எழுதுவது. எஸ்டேட்டில் நான் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

நெருப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காட்டுத்தீ எங்கள் லயத்து வீடுகளைப் பிடித்தபோது, புறாக்கூண்டைத் திறக்க ஓடித்தான் உங்கள் மகன் வெந்து போனார். அவரோடு பந்தயப் புறா விட்டவர்கள் நேற்று வந்து எனக்குக் கூரை போட்டார்கள். ஆளுக்கொரு புறாவும் நீட்டினார்கள்.

“இந்தச் சனியனுகளுக்குத்தானே அவுக வெந்தாக” என்று வந்தவர்களை விறகுக்கட்டையால் அடித்தேன். அவர்களில் கடையநல்லூர் மைதீன் அண்ணாச்சிக்கு மண்டை பிளந்தது.

“கை ஓயுத வரைக்கும் அடி தாயி” என்று ரத்தத்தோடு நின்றார். பயப்படாதீர்கள், மூன்று தையல்தான்.

இன்று காலை உங்கள் மகனுடைய சாம்பல் புறா சிறகு கருகி, நடந்தே வந்தது. கல்லை எடுத்தேன். அது எரிந்த கூண்டு இருந்த இடத்தில் போய் நின்றது. எறிய முடியவில்லை.

சங்கரன்கோவில் சந்தையில் ஒரு படி கம்பு வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அரிசி போட்டால் தின்ன மாட்டேன் என்கிறது.

முப்பிடாதி