தங்கச்சி வீட்டுக் குழிகள்

மாப்ள,

இன்று காலை தங்கச்சி வீட்டுக் கக்கூஸ் குழியின் மூடியைத் திறந்தோம். நாற்றம் வரவில்லை. நனைந்த கரிசல் மண்ணின் வாசம்தான் வந்தது. நிறைந்தபின் இரண்டு வருடம் அடைத்து வைத்திருந்த குழி அது. வெளியிலிருந்தே மண்வெட்டியால் கொஞ்சம் அள்ளினேன். பொலபொலவென்று உதிர்ந்தது.

"ஏண்ணே, இதப் போட்டா வெண்டைக்கா காய்க்குமா?" என்று உன் பெண்டாட்டி கேட்டாள்.

"நல்லாக் காய்க்கும். எரு எங்க வாங்குனேன்னு மட்டும் யாருட்டயும் சொல்லிறாத."

சிரித்தாள். அவள் சிரித்து வெகு காலமாயிற்று.

இதை நானே எழுதுகிறேன் மாப்ள. நீ நம்பமாட்டாய். இந்த வயதில் முதியோர் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் 'மாப்ள' என்று எழுதி, அதை நானே வாசித்தபோது, விஸ்வநத்தம் ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்தலாம் போலிருந்தது.

நீ போன பிறகு, விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு இந்த இரண்டு குழிகளைக் கட்டினேன். ஆளுயரம்கூட ஆழமில்லை. செங்கலுக்குச் செங்கல் இடைவெளி விட்டேன். அடியில் சிமெண்டு போடவில்லை. தண்ணீரை மண் குடித்துவிடும். ஒன்று நிறைந்தால் அதை அடைத்துவிட்டு மற்றதற்குத் திருப்பிவிட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அன்று நாம் கட்டியது ஒரே குழி. "ரெண்டு எதுக்கு மச்சான்? ஒண்ணா ஆழமாத் தோண்டுவோம், பேரன் காலம் வரைக்கும் நெறையாது" என்றாய். நம் பட்டாசுக் கம்பெனித் தண்ணீர்த் தொட்டி போல அடிவரை பூசிக் கெட்டியாக்கினேன் நான். இனிக் கருவேலங்காட்டுக்குப் போக வேண்டாம் என்று தங்கச்சிக்கு எவ்வளவு சந்தோஷம்! ஒரு சொட்டுகூட மண்ணில் இறங்காத அந்தக் குழி இரண்டாம் மழைக்கே பொங்கி வாசலுக்கு வந்தது.

தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்திருந்த நாள். கயிற்றில் வாளி கட்டி மொண்டோம். அடிச்சகதி வாளிக்கு வரவில்லை. உள்ளே இறங்கித்தான் அள்ள வேண்டியிருந்தது.

நமக்கு ஆபத்தென்றால் தீ ஒன்றுதான். முப்பது வருடம் வெடிமருந்து அறையில் அதைத்தானே பழகியிருந்தோம்? பீடியையும் தீப்பெட்டியையும் மடியிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தாய். அறைக்குள் போகுமுன் உடம்பு மின்சாரம் மண்ணில் இறங்கச் செப்புத் தகட்டைத் தொடுவோமே, அதே பழக்கத்தில் குனிந்து தரையைத் தொட்டாய். எல்லாம் சரியாகச் செய்துவிட்டதாக இருவருமே நினைத்தோம். நெருப்பில்லாமல், குழிக்குள் அடைந்த காற்றும் கொல்லும் என்று நமக்குத் தெரியாது.

நான்காவது படியில் உன் கை ஏணியை விட்டது. ஒரு சத்தமும் இல்லை. உன் பின்னால் இறங்கப்போன என்னைப் பக்கத்து வீட்டுக்காரர் இடுப்போடு பிடித்து இழுத்துப் போட்டார்.

தங்கச்சி ஓடி வந்து கேட்டாள். "சொல்லச் சொல்லக் கேக்காம எறங்கிட்டான்" என்றேன்.

அன்றிலிருந்து உன் படத்தைப் பார்த்து அவள் திட்டாத நாளில்லை. இன்று அந்த மண்ணை அள்ளும்போதும் சொன்னாள்: "அண்ணன் பேச்சக் கேட்டிருந்தா இதப் பாக்க நீங்களும் இருந்திருப்பீகள்ல." நான் குனிந்து இன்னொரு மண்வெட்டி அள்ளினேன்.

நீ இறங்கமாட்டேன் என்றுதான் சொன்னாய் மாப்ள. ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டு, "குமட்டுது மச்சான், நாளைக்குப் பாப்போமா?" என்றாய்.

"ஏலே, மருந்து ரூம்ல நிக்கிறவன் பீக்குழிக்குப் பயந்தான்னு ஊர்ல சொல்லட்டுமா? எறங்குலே" என்றேன் நான். நீ சிரித்துக்கொண்டே இறங்கினாய்.

இத்தனை வருடமும் இது என் வாயில் வரவில்லை. கைக்கு வந்துவிட்டது. நாளைக்கு இந்தத் தாளைத் தங்கச்சியிடம் கொண்டு போவேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.